செவியால் தேடியவர்: அலெக்சாண்டர் கிரகாம் பெல்

வரலாறு சில பெரியோர்களை ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. எடிசன் என்றால் மின்விளக்கு. மார்க்கோனி என்றால் கம்பியில்லாத் தந்தி. கிரகாம் பெல் என்றால் தொலைபேசி. பள்ளிப் பாடநூல்கள் நமக்குச் சொல்லித் தந்த கணக்கு இது. கணக்கில் பிழையில்லை, ஆனால் விட்டுப்போனது நிறைய உண்டு. கோயில் வாசலிலும் விமான நிலையத்திலும் நம்மை நிறுத்திச் சோதிக்கிறார்களே, அந்த மெட்டல் டிடெக்டருக்கும், கடற்கரையில் அலைக்குள் இறங்கி நின்று மணலடியில் கிடக்கும் மோதிரத்தையும் காசையும் தேடுகிறார்களே, அந்த நீர்புகாக் கருவிக்கும் முன்னோடியான ஒன்றை, 1881ஆம் ஆண்டுக் கோடையில், ஓர் உயிரைக் காப்பதற்காக இரவு பகலாக உழைத்துச் செய்தவரும் இந்தப் பெல்தான்.

அந்த உயிர் பிழைக்கவில்லை, கருவி பிழைத்தது. அது ஏன் அன்று தோற்றது என்பதை அறிந்தவன், இன்று கடற்கரைக்கென்று ஒரு கருவி வாங்கும்போது எளிதில் ஏமாறமாட்டான். ஆகவே நண்பர்களே, நாம் அறிந்த பெல்லின் அறியாத பக்கத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

ஒலி குடியிருந்த வீடு

பெல் 1847 மார்ச் 3ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் பேச்சுக் கலையைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். தந்தை மெல்வில் பெல், ஒவ்வோர் ஒலியையும் எழுப்பும்போது நாவும் உதடும் தொண்டையும் எந்நிலையில் இருக்கின்றன என்பதைக் குறிகளால் எழுதிக் காட்டும் ஒரு முறையை வகுத்தவர். எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் இலக்கணமாகவே படித்து வந்த தமிழ் மாணவனுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஒலியையே தொழிலாகக் கொண்ட அந்த வீட்டில் தாயாருக்குச் செவி சரியாகக் கேட்காது. மற்றவர்கள் செவிக்குழாய் வழியாக உரக்கப் பேசுவார்கள். சிறுவன் பெல்லோ தாயின் நெற்றியருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவான். அந்த அதிர்வை அவர் எலும்பின் வழியே உணர்ந்துகொள்வார். ஒலி என்பது அதிர்வு, அதற்கு வழி பல உண்டு என்ற பாடத்தைப் பெல் முதன்முதலில் படித்தது தாயின் நெற்றியில்தான்.

துன்பம் அந்தக் குடும்பத்தை விரைவிலேயே தேடி வந்தது. 1867இல் தம்பி எட்வர்டையும், 1870இல் அண்ணன் மெல்வில்லையும் காசநோய் கொண்டுபோயிற்று. எஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டுமென்று பெற்றோர் அவ்வாண்டே கடல் கடந்து கனடாவுக்குக் குடியேறினர். அடுத்த ஆண்டு, 1871இல், பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்று செவிகேளாதோர் பள்ளியில் ஆசிரியரானார். 1873இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் குரல் உடலியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. அவரிடம் பேச்சுப் பயின்ற மாணவியருள் ஒருவர் மேபெல் ஹப்பர்டு. சிறு வயதில் வந்த செங்காய்ச்சலில் செவிப்புலனை முற்றிலும் இழந்தவர் அவர். 1877இல் அவரையே பெல் மணந்தார்.

தாய்க்கும் செவி கேளாது. மனைவிக்கும் செவி கேளாது. அப்படிப்பட்ட ஒருவர்தான் உலகம் முழுவதும் ஒருவர் குரலை மற்றவர் கேட்க வழி செய்தார். 1876 மார்ச் 7ஆம் நாள் தொலைபேசிக்கான காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. மூன்று நாள் கழித்து, மார்ச் 10இல், உதவியாளர் வாட்சன் அடுத்த அறையில் இருந்தபடியே கம்பி வழியாகப் பெல்லின் பேச்சைத் தெளிவாகக் கேட்டார். எலிஷா கிரே என்பவரும் அதே பிப்ரவரி 14ஆம் நாளில் தம் குறிப்பைக் காப்புரிமை அலுவலகத்தில் கொடுத்திருந்தார். அதனால் எழுந்த வழக்குகள் பல்லாண்டு நீடித்தன. இறுதியில் உச்ச நீதிமன்றம் வரை சென்று பெல்லின் பக்கமே தீர்ந்தன.

இரைச்சலில் பிறந்த தராசு

தொலைபேசி வந்ததும் ஒரு தொல்லையும் உடன் வந்தது. தொலைபேசிக் கம்பிக்கு அருகே தந்திக் கம்பி சென்றால், தந்தியின் கட்டுக்கடா ஒலி தொலைபேசியிலும் கேட்டது. இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொடவில்லை. ஆயினும் ஒன்றில் ஏறி இறங்கும் மின்னோட்டம் மற்றதில் மின்னோட்டத்தைத் தூண்டிற்று. இது 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்.

திருமணத்துக்குப் பின் 1877லும் 1878லும் பெல் இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது இந்த இரைச்சலை ஒழிக்க முயன்றார். ஒரு தூண்டலுக்கு எதிராக அதற்குச் சமமான மற்றொரு தூண்டலை நிறுத்தினால் இரண்டும் கழிந்து மௌனம் பிறக்கும் என்று கண்டார். தராசின் இரு தட்டும் சமமாக நிற்பதைப் போன்றது அந்த மௌனம். அந்நிலையில் சுருளுக்கு அருகே ஓர் உலோகத் துண்டைக் கொண்டுவந்தால் சமநிலை குலைந்து தொலைபேசியில் ஒலி மீண்டும் எழுந்தது. 1879இல் இலண்டனில் டேவிட் ஹியூஸ் என்ற அறிஞர் இதே தத்துவத்தில் மின்தூண்டல் தராசு ஒன்றை அமைத்து, உலோகங்களை ஒப்பிடும் ஆராய்ச்சிக் கருவியாக வெளியிட்டார்.

இதன் உட்பொருளை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு கம்பிச் சுருளில் மாறும் மின்னோட்டம் செலுத்தினால் அதைச் சுற்றி மாறும் காந்தப்புலம் உண்டாகும். அப்புலத்தில் உலோகம் அகப்பட்டால் அதனுள் சுழல் மின்னோட்டங்கள் எழும். அந்தச் சுழல் மின்னோட்டங்கள் தம் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தச் சிறு புலத்தை இரண்டாவது சுருள் உணர்ந்து நமக்குச் சொல்லும். இன்று கடற்கரையில் பயன்படும் கருவி எத்தனை நவீனமாயினும் அதன் உயிர்நிலை இவ்வளவே.

வெள்ளை மாளிகையில் ஒரு சோதனை

1881 ஜூலை 2ஆம் நாள் வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை கீட்டோ என்பவன் சுட்டான். கார்ஃபீல்டு பதவியேற்று நான்கு மாதங்கூட நிறையவில்லை. ஒரு குண்டு கையை உராய்ந்து சென்றது. மற்றது முதுகில் வலப்புறமாகப் புகுந்து உடலுக்குள் எங்கோ தங்கிவிட்டது. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். ஆகவே உள்ளே இருப்பதைக் காண அன்று வழி இல்லை. மருத்துவர்கள் கழுவாத விரல்களையும் கருவிகளையும் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள். நோய்க்கிருமிகளைத் தடுக்கும் லிஸ்டரின் முறை அப்போதே அறியப்பட்டிருந்தும் அமெரிக்க மருத்துவர் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை.

மின்சாரத்தின் துணையால் குண்டின் இடத்தை அறியலாம் என்ற எண்ணத்தை வானியலறிஞர் சைமன் நியூகோம் வெளியிட்டார். செய்தியறிந்த பெல்லுக்குத் தம் பழைய தராசு நினைவுக்கு வந்தது. தம் வோல்டா ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் சம்னர் டெயின்டருடன் சேர்ந்து வேலையைத் தொடங்கினார். சுருள்களின் அளவை மாற்றினார், அமைப்பை மாற்றினார், இறைச்சித் துண்டுக்குள் குண்டை மறைத்து வைத்துத் தேடினார், உள்நாட்டுப் போரில் பட்ட குண்டை உடலில் சுமந்து வாழ்ந்த பழைய போர்வீரர்களிடமும் சோதித்துப் பார்த்தார். இடர்ப்பாடு பெரிது. ஈயம் நல்ல மின்கடத்தி அன்று. தாமிரத்தின் கடத்துதிறனில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்குதான் அதற்கு உண்டு. ஆகவே ஈயக் குண்டு எழுப்பும் ஒலி மிக மெலிது. அவருடைய கருவி எட்டிய ஆழமோ சில அங்குலமே.

ஜூலை 26ஆம் நாள் மாலை முதற் சோதனை நடந்தது. தொலைபேசியில் இடைவிடாத கரகரப்பு. எதையும் பிரித்தறிய முடியவில்லை. ஒரு மின்தேக்கி தவறான இடத்தில் இணைக்கப்பட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. பெல் மனந்தளரவில்லை. கருவியைச் செப்பனிட்டுக்கொண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் மீண்டும் சென்றார். இம்முறை இரண்டு தட்டைச் சுருள்களை ஒன்றின்மேல் ஒன்று ஓரளவு கவியுமாறு அமைத்திருந்தார். இன்றைய கருவிகள் பலவற்றின் தேடுசுருளிலும் அதே அமைப்பைக் காணலாம்.

கருவி இப்போது ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் ஒலி ஒரு புள்ளியில் எழவில்லை. பரந்த ஓரிடம் முழுவதிலும் மெல்லக் கேட்டது. ஒரு சிறு குண்டு இப்படிப் பரந்து பேசுமா? பெல்லின் மனத்தில் ஐயம் எழுந்தது. மறுநாள் விசாரித்தபோது, நோயாளி படுத்திருந்த குதிரைமயிர் மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பியால் பின்னிய மற்றொரு மெத்தை இருந்தது தெரியவந்தது!

இதோடும் முடியவில்லை. தலைமை மருத்துவர் பிளிஸ், குண்டு வலப்புறத்தில்தான் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே முடிவு கட்டியிருந்தார். தேடலும் அந்தப் பக்கத்தோடு நின்றது. கேட்ட மெல்லிய ஒலியையும் தம் முடிவுக்குச் சான்றாகவே அவர் எடுத்துக்கொண்டார். செப்டம்பர் 19ஆம் நாள் கார்ஃபீல்டு இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது குண்டு முதுகெலும்புக்கு இடப்புறத்தில், கணையத்துக்குப் பின்னே, ஆழத்தில் கிடந்தது. உயிரைக் கொண்டுபோனது குண்டைவிட, துழாவிய விரல்களால் பரவிய சீழ்தான் என்பதே இன்றைய மருத்துவ வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

தோல்விக்கு எஃகு மெத்தையே காரணம் என்று பல நூல்கள் எழுதிவிட்டன. பெல் அப்படி எளிதாக விட்டுவிடவில்லை. அதே மாதிரி மெத்தை ஒன்றை வரவழைத்து ஆராய்ந்தார். கட்டிலின் பரப்பையும் ஒலி கேட்ட பரப்பையும் ஒப்பிட்டபோது, மெத்தையை மட்டும் குற்றஞ்சாட்ட முடியாது என்று அவருக்குத் தோன்றிற்று. குண்டு தம் கருவிக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது என்பதை 1882இல் வெளியிட்ட கட்டுரையில் அவரே எழுதினார். பழியைப் போடுவதற்கு ஒரு மெத்தை ஆயத்தமாக இருந்தும், தம் கருவியின் எல்லையைத் தாமே எடுத்துச் சொன்ன அந்த நேர்மையை, ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் அளவெடுக்கும் நாம் மறக்கலாகாது.

இழப்பும் எச்சமும்

அந்தக் கோடையில் பெல்லின் சொந்த வீட்டிலும் ஓர் இழப்பு நேர்ந்தது. 1881 ஆகஸ்டு 15ஆம் நாள் குறைமாதத்தில் பிறந்த மகன் எட்வர்டு, மூச்சுவிட முடியாமல் சில மணி நேரத்தில் மறைந்தான். துயரத்தில் ஆழ்ந்த தந்தை அதிலிருந்தும் ஒரு கருவிக்கு வித்திட்டார். காற்றுப்புகாத உறையொன்றை மார்பைச் சுற்றிப் பொருத்தி, காற்றை இழுத்தும் விட்டும் நுரையீரலை இயங்கச் செய்யும் அமைப்பு அது. பிற்காலத்தில் இளம்பிள்ளைவாத நோயாளிகளைக் காத்த இரும்பு நுரையீரலுக்கு அது ஒரு முன்னோடி.

குண்டு தேடும் வேலையையும் அவர் கைவிடவில்லை. ஊசியொன்றைத் தொலைபேசியின் ஒரு முனையோடும், தோலின்மேல் வைத்த உலோகத் தகட்டை மறுமுனையோடும் இணைத்தார். ஊசி குண்டைத் தொட்டவுடன் தொலைபேசியில் ஓசை எழும். எக்ஸ் கதிர் பரவும் வரையில் அறுவை மருத்துவர்களுக்கு இது கைகொடுத்தது. இந்தப் பணிக்காக ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் 1886இல் அவருக்கு மருத்துவத்தில் மதிப்புறு பட்டம் வழங்கிற்று.

பெரியோரின் வாழ்க்கையை எழுதும்போது நிழலையும் எழுதவேண்டும். செவிகேளாதோர் சைகை மொழியை விட்டுப் பேச்சையே பயிலவேண்டும் என்று பெல் விடாப்பிடியாக வாதாடினார். செவிகேளாதவர்கள் தமக்குள் மணந்துகொள்வது நல்லதன்று என்றும் 1883இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். சைகை மொழி இலக்கணமும் செழுமையும் கொண்ட முழுமையான மொழி என்பதை மொழியியல் பின்னர் நிறுவிவிட்டது. அவருடைய கொள்கையால் பள்ளிகளில் தம் மொழியை இழந்த தலைமுறைகளின் மனக்குறை இன்றும் ஆறவில்லை. கம்பியின் மெல்லிய முனகலையும் கேட்ட அந்தச் செவி, தாம் யாருக்காகப் பாடுபட்டாரோ அவர்களுடைய விருப்பத்தைச் சரியாகக் கேட்கவில்லை. மற்றொரு பக்கம், சிறுமி ஹெலன் கெல்லரின் பெற்றோருக்கு வழிகாட்டி, அவளுக்கு ஆசிரியை கிடைக்கச் செய்தவரும் அவரே. இரண்டும் ஒரே மனிதர்தாம்.

முதுமையில் அவர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், பேடெக் என்னும் ஊரருகே, நீர்க்கரையில் வாழ்ந்தார். அவர் நிறுவிய குழுவினரின் ‘சில்வர் டார்ட்’ விமானம் 1909 பிப்ரவரி 23இல் பறந்தது. 1919 செப்டம்பர் 9இல், அவரும் கேசி பால்ட்வினும் வடிவமைத்த எச்.டி.-4 என்ற நீர்மேல் எழும் படகு மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து அந்நாளைய உலகச் சாதனையை ஏற்படுத்திற்று. பெல்லுக்கு அப்போது வயது 72. 1922 ஆகஸ்டு 2ஆம் நாள் அவர் காலமானார். இறுதிச் சடங்கின்போது வட அமெரிக்காவின் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனம் காத்தன.

தராசு கடலில் இறங்கிய கதை

பெல் மறைந்தபின் அவருடைய தராசு புதிய கைகளுக்குச் சென்றது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கெர்ஹார்டு ஃபிஷர் 1930களில் அதைக் கையில் தூக்கிச் செல்லும் விற்பனைக் கருவியாக்கினார். இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டுப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி செய்த கண்ணிவெடி காட்டி 1942இல் எல் அலமெயின் போர்க்களத்தில் பயன்பட்டது. போருக்குப் பின் அக்கருவிகள் பொழுதுபோக்குத் தேடுவோரின் கைக்கு வந்தன; பின்னர்க் கடலுக்கும் சென்றன.

அங்கே காத்திருந்தது மற்றோர் எஃகு மெத்தை! கடல்நீர்தான் அது. உப்பு நீர் குடிநீரைக் காட்டிலும் நூறு மடங்குக்குக் குறையாமல் மின்சாரத்தைக் கடத்தும். சுருளைக் கடலில் அமிழ்த்தினால் சுற்றியுள்ள நீர் முழுவதும் ஒரு பெரிய, மெலிந்த உலோகம்போல் பேசத் தொடங்கிவிடுகிறது. அதன் குரல் சிறு தங்கத் துண்டின் குரலை ஒத்திருப்பது இன்னும் பெரிய தொல்லை. அலை வந்து வந்து மீளும் ஈரமணலில் நீரின் அளவு நொடிக்கு நொடி மாறுவதால், கருவி ஓயாமல் பொய்க்குரல் எழுப்பும். ஆகவே கடற்கரைக்குக் கருவி தேர்ந்தெடுப்பவன் கேட்கவேண்டிய முதற் கேள்வி, அது எத்தனை ஆழம் தேடும் என்பதன்று. உப்பு நீரின் குரலை எப்படி ஒதுக்குகிறது என்பதே.

இவ்வகையில் கருவிகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் தாழ் அதிர்வெண் கருவி. விலை குறைவு. திரும்பி வரும் அலை எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைக்கொண்டு இரும்பையும் மற்ற உலோகத்தையும் ஓரளவு பிரித்துச் சொல்லும். உலர்ந்த மணலுக்கும் ஆறு, ஏரி போன்ற நன்னீருக்கும் அது போதும். கடலுக்குள் அதன் நுண்மையைக் குறைத்தால்தான் அடங்கும். குறைத்தால் ஆழமும் குறையும்.

இரண்டாவது, ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் கருவி. உப்பு நீரும் உலோகமும் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் வெவ்வேறு விதமாக விடையளிப்பதால், அவற்றை ஒப்பிட்டு உப்பின் பங்கைக் கழித்துவிடுகிறது. இரும்பைப் பிரிக்கும் ஆற்றலும் பெரும்பாலும் எஞ்சுகிறது. கடற்கரையில் எல்லா இடத்துக்கும் ஒரே கருவி வேண்டுமென்பவருக்கு இது பொருந்தும், விலைதான் கூடுதல்.

மூன்றாவது, 1960களில் தொல்பொருள் ஆராய்ச்சிக்கென்று வளர்ந்த துடிப்புத் தூண்டல் கருவி. இது மின்னோட்டத்தைத் துடிப்பாகச் செலுத்திச் சட்டென்று நிறுத்திவிட்டு, ஒரு கணம் பொறுத்துப் பிறகு கேட்கிறது. அந்தப் பொறுமையில்தான் சூட்சுமம் இருக்கிறது. உப்பு நீரில் எழுந்த சுழல் மின்னோட்டம் சில மைக்ரோ விநாடிகளில் அடங்கிவிடும். மோதிரத்திலோ காசிலோ எழுந்தது இன்னும் சற்று நேரம் நிற்கும். இரைச்சல் ஓய்ந்தபின் எஞ்சிய குரலைக் கருவி கேட்டுக்கொள்கிறது. கருமணல் கலந்த கரையிலும் இது கலங்காது. ஆனால் துருப்பிடித்த ஆணிக்கும் மோதிரத்துக்கும் வேறுபாடு சொல்லாது; ஒலித்த இடமெல்லாம் தோண்டவேண்டும். மெல்லிய சங்கிலியின் குரல் உப்பு நீரின் குரலைப்போலவே விரைவில் அடங்கிவிடுவதால், அதையும் இது தவறவிடக்கூடும்.

விளம்பரத்தில் நீர்புகாது என்று இருந்தால் மட்டும் நம்பிவிடக்கூடாது. பல கருவிகளில் தேடுசுருள் மட்டுமே நீர்புகாதது. கைப்பிடிப் பெட்டி நனைந்தால் கெட்டுவிடும். சில முழுவதும் நீர்புகாதவை, ஆனால் 3 மீட்டர் ஆழம் வரைதான். மூழ்கித் தேடுவோருக்கென்று 60 மீட்டருக்கு மேல் தாங்கும் கருவிகள் தனியே உண்டு. செவிப்பொறியும் நீர்புகாததாக இருக்கவேண்டும். நீருக்குள் இழுத்து வீச வேண்டியிருப்பதால் மிகப் பெரிய சுருள் கையை வருத்தும். மேலும் அது சிறு பொருளை விட்டுவிடும். 8 முதல் 10 அங்குலச் சுருள் பெரும்பாலோர்க்கு ஏற்றது.

ஆழத்தைப் பற்றிய பெருமைப் பேச்சையும் பெல்லை நினைத்து எடைபோட வேண்டும். சுருளின் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. சிறு பொருளிலிருந்து திரும்பி வரும் புலமும் அப்படியே குறைகிறது. ஆகத் தூரம் இரட்டித்தால் குரல் 64இல் ஒரு பங்காகிவிடும். கணையத்துக்குப் பின்னே கிடந்த குண்டு ஏன் பேசவில்லை என்பதற்கும், ஒரு முழ ஆழத்தில் கிடக்கும் மோதிரம் ஏன் பேசாது என்பதற்கும் விடை ஒன்றே.

தேடுபவனுக்குச் சில சொற்கள்

நீரில் இறங்குமுன் தன் கையிலுள்ள மோதிரம், கடிகாரம், வளையம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். மணல் அள்ளும் இரும்பு அரிகூடையைச் சுருளுக்கு எட்ட வைக்கவேண்டும். நம்முடைய எஃகு மெத்தையை நாமே சுமந்து செல்லலாகாது. ஈரமணலில் கருவியைச் சமன் செய்து, அது அமைதியாகும் வரை நுண்மையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஓயாமல் கூவும் கருவியைவிட, நுண்மை சற்றுக் குறைந்தாலும் அமைதியாக இருக்கும் கருவியே அதிகம் கண்டுபிடிக்கும். சுருளைத் தரையோடு ஒட்டி, மட்டமாக, மெதுவாக வீசவேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தியதில் பாதியை மூடவேண்டும். ஒலி கேட்டால் குறுக்கேயும் ஒரு முறை வீசிப் பார்க்கவேண்டும். இரு திசையிலும் ஒரே புள்ளியில் கேட்டால் பொருள் உண்டு. பரந்து கேட்டால் பெல்லின் ஐயம் நமக்கும் வரவேண்டும்.

வற்றுக் காலமே தேடுவதற்கு நல்ல காலம். தூய தங்கத்தின் அடர்த்தி 19.3, மணலுடையதோ ஏறத்தாழ 2.65. ஆதலால் அலை கலக்கக் கலக்கத் தங்கம் கீழிறங்கிக் கெட்டித் தரையில் போய்த் தங்கும். புயல் மணலை அரித்துச் சென்ற பின் அந்தத் தரை மேலுக்கு வரும். வேலை முடிந்ததும் கருவியை நன்னீரில் கழுவவேண்டும். தோண்டிய குழியை மூடவேண்டும். இழுப்பு நீரோட்டமுள்ள கரையில் தனியாக இறங்கவே கூடாது. காதில் செவிப்பொறி இருக்கும்போது அலையின் எச்சரிக்கையும் கேட்காது.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். அண்மையில் யாரோ தவறவிட்ட மோதிரம் புதையலன்று; உரியவரிடம் சேர்க்கவேண்டிய பிறர் பொருள். தொலைத்தவர் முகத்தில் மலரும் மகிழ்ச்சியே இந்தப் பொழுதுபோக்கின் சிறந்த ஊதியம்.

வெள்ளை மாளிகையின் அந்த அறையில் கருவி பொய் சொல்லவில்லை. தனக்கு எட்டியதைச் சொல்லிற்று. எட்டாததைப் பற்றி மௌனமாக இருந்தது. வலப்புறமே பார் என்று கட்டளையிட்டவர் மனிதர். கிடைத்த ஒலியைத் தம் முடிவுக்கு இசையத் திருப்பியவரும் மனிதர். ஆய்வுக்கூடத்திலும் கடற்கரையிலும் நமக்கு நேரும் சோதனை இதுவே. நாம் கேட்க விரும்புவது வேறு, கேட்பது வேறு. இரண்டையும் பிரித்தறியும் செவியை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. பெல்லைப்போல் பழகித்தான் பெறவேண்டும்.